நீக்கப்பட்ட ஆறு வரிகள்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் குழந்தை வாலுவும் நன்றாக இருக்கிறோம். மாமாவுக்கு முழங்கால் வலி கூடவும் குறையவுமாக இருக்கிறது. கேட்டால் "வண்டி ஓடுது" என்கிறார். உங்கள் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நம் வீடு உங்களுக்குத் தெரியாததா? சமையலறையில் முணுமுணுத்தால் வாசலிலிருந்து பதில் வரும். இது மாமா காதில் விழக் கூடாத விஷயம். அதனால் குடிநீர் நிலையத்தில், என் மேஜையிலேயே, மதிய இடைவேளையில் எழுதுகிறேன். பதிலையும் இந்த முகவரிக்கே போடுங்கள்.

போன வாரம் ஸ்டோர் அறையைக் காலி செய்தார்கள். உங்கள் அண்ணனின் கருவிப் பை, அவர் போனதிலிருந்து இரண்டு வருடமாக அங்கேயே கிடந்திருக்கிறது. கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னிடம் கொடுத்தார்கள். அடியில் ஒரு பாக்கெட் நோட்டு. அவர் இறப்பதற்கு ஆறு நாள் முன்பு எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

"குளோரின் கசிவு சைரன் சோதனை இருபது தடவை. இரண்டு அடிக்கவில்லை. கம்பி மாற்றினேன். மறுபடி இருபது. ஒன்று அடிக்கவில்லை. கசிவைக் காட்டும் கார்டில் விளக்கு எரிகிறது, சைரன் இல்லை. தகவல் கம்ப்யூட்டர் வரை போகிறது. அங்கே தொலைகிறது. பெரிய அதிகாரியிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, உன் கம்பியைப் பார் என்றார்."

குளோரின் கசிவில் அவர் இறந்ததைப் பற்றி விசாரணைக் குழு எழுதியது உங்களுக்கும் மனப்பாடமாகத்தான் இருக்கும். சைரன் கம்பியைக் கழற்றிவிட்டு, முகமூடி அணியாமல் குளோரின் அறைக்குள் போனது கருவி மெக்கானிக்கின் கவனக்குறைவு. கம்பி புதிதாக மாட்டப்பட்டிருந்ததுதான் அவர்களுக்குச் சாட்சி.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். ஆபத்து என்று தகவல் வந்து சேர்ந்த பிறகும் ஒரு கம்ப்யூட்டர் அதை யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியுமா? நீங்கள் கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் வேலை செய்பவர். உங்களை விட்டால் எனக்குக் கேட்க ஆள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார், விடாதீர்கள். வாலுவுக்குச் சித்தப்பாவின் அன்பு.

அந்த நோட்டின் வரிகளைப் பல தடவை படித்தேன். அண்ணன் பேசுகிற மாதிரியே இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லா நிரல்களுக்கும் அடியில் கெர்னல் என்று ஒரு நிரல் ஓடுகிறது. அதைத்தான் நாங்கள் எழுதுகிறோம். பல நாடுகளில் இருக்கும் நானூறு பேர் சேர்ந்து எழுதுவது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். விசைப்பலகை, கடிகாரம், உங்கள் குளோரின் கார்டு எல்லாம் தனித்தனிக் கம்பி வழியாகக் கெர்னலைத் தட்டிக் கூப்பிடும். இன்டரப்ட் என்போம். பழைய இயந்திரங்களில் இப்படிப் பதினைந்து கம்பிகள். யார் தட்டினார்கள் என்று சொல்ல ஒரு சிப்.

அந்தச் சிப்புக்கு ஒரு கெட்ட பழக்கம். கெர்னல் வந்து "யாரு?" என்று கேட்பதற்குள் தட்டியவர் நிறுத்திவிட்டால், தெரியவில்லை என்று அது ஒப்புக்கொள்ளாது. "ஏழாம் கம்பி" என்று கைகாட்டிவிடும். ஆபீஸில் விவரம் தெரியாதவர், "அந்த சீட்ல கேளுங்க" என்பார் இல்லையா, அதே கதைதான். பெரும்பாலும் அது வெறும் மின்சாரச் சலசலப்பு. ஆனாலும் எங்கள் கெர்னல் அதை அப்படியே விடாது. பழைய கார்டுகளிடம் ஒரு சுற்று போய், "நீயா கூப்பிட்டாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பும். அந்தச் சுற்றைப் போகாத அரைகுறை கெர்னல் எதையாவது அங்கே மாட்டியிருந்தால்தான் தகவல் தொலையும். எதுவென்று தெரிந்தால் எழுதினவன் கழுத்தைப் பிடிக்கலாம்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஓடும் முதல் வரியை எழுதி அனுப்புங்கள். கார்டு எத்தனையாவது கம்பி என்பதையும் கேளுங்கள். விடக் கூடாது அண்ணி.

அன்புடன்,
தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். ஒத்தடம் கொடுக்கிறேன். கொடுக்கும்போது மாமா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். வலி தெரியக் கூடாதாம்.

உங்கள் கடிதத்தைப் புது மெக்கானிக்கிடம் வாசித்துக் காட்டினேன். சின்ன வயது, ஆனால் பொறுப்பானவர். கார்டு ஐந்தாம் கம்பியில் இருக்கிறது என்றார். கெர்னலை மூன்று வருடத்துக்கு முன்பு புதிதாக மாற்றியிருக்கிறார்கள். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். அதற்கு முன்பு ஒரு சோதனையில்கூடச் சைரன் தவறியதில்லை. திரையின் முதல் வரியைத் தனித் தாளில், ஒரு புள்ளிகூட விடாமல் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை.

இவ்வளவு பிடிவாதமாக ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். போன ஞாயிறு சாப்பிடும்போது வாலு மாமாவிடம் கேட்டாள்: "அப்பா கவனமில்லாதவரா தாத்தா?" பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமா முப்பத்தாறு வருடம் ரயில் ஓட்டியவர். கவனமில்லை என்பதைவிடப் பெரிய வசவு அவரிடம் கிடையாது. "சாப்பிடும்போது பேசாதே" என்றார். அவரும் அதற்கு மேல் சாப்பிடவில்லை. இந்த இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து மகன் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை தம்பி.

சீக்கிரம் எழுதுங்கள்.
அண்ணி


மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் எல்லோரின் நலமும் அறிய ஆவல். இங்கே வேலை அதிகம், அதனால் தாமதம்.

நீங்கள் அனுப்பிய தாள் கிடைத்தது. பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் சிக்கலான விஷயம், நாள் எடுக்கும்.

அதுவரை குளோரின் அறைக்குள் யார் போவதாக இருந்தாலும், சைரன் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், முகமூடி போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஏப்ரலில் இரண்டு கடிதம் போட்டேன். கிடைத்ததா? மாமாவுடன் போனில் பேசும்போதும் என்னிடம் கொடுக்கச் சொல்வதில்லையாம். உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் சொல்லுங்கள்.

முகமூடி விஷயத்தை மெக்கானிக்கிடம் சொன்னேன். போடுகிறார். அவருடைய உதவியாளர்கள் சில நாள் போடுகிறார்கள், சில நாள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். அதில் மூச்சு முட்டுகிறதாம். நேற்று நானும் அறைக்கு வெளியே நின்று சோதனையைப் பார்த்தேன். கார்டில் விளக்கு எரிந்தது. நான் மனசுக்குள் எண்ணினேன். பத்து வரை எண்ணியும் சைரன் இல்லை. மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார். "அக்கா, சார் எழுதி வச்சது அப்படியே இருக்கு" என்றார்.

உள்ளே பன்னிரண்டு சிலிண்டர்கள். தினமும் நான்கு பேர் போய் வருகிறார்கள். சிக்கல் என்றால் சிக்கல் என்றாவது எழுதுங்கள்.

அண்ணி


மே 17

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். இத்துடன் ஒரு குறுவட்டு அனுப்பியிருக்கிறேன். திருத்திய கெர்னல் அதில் இருக்கிறது. மாட்டும் முறையைத் தாளில் எழுதியிருக்கிறேன், மெக்கானிக்கால் முடியும். இன்றே மாட்டச் சொல்லுங்கள்.

காரணம் சுருக்கமாக: கார்டின் இணைப்பு தேய்ந்துபோய், தட்டுவது மிகக் குறுகிய நேரமே நிற்கிறது. கெர்னல் கேட்பதற்குள் அது நின்றுவிடுவதால், சிப் ஏழாம் கம்பியைக் காட்டுகிறது. அப்போது எல்லாக் கார்டுகளையும் ஒரு சுற்று கேட்கும் ஆறு வரிகள் உங்களிடமுள்ள கெர்னலில் நீக்கப்பட்டிருந்தன. அவை திரும்பச் சேர்க்கப்பட்டுள்ளன.

அண்ணன் மாட்டிய கம்பியில் பிழை இல்லை.

தம்பி


ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீங்கள்?

வட்டு வந்த அன்றே மாட்டினோம். இருநூறு தடவை சோதித்தார் மெக்கானிக். நான் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டேன். இருநூறும் அடித்தது. கடைசி ஐம்பதில் ஊர் முழுவதிலுமிருந்து என்ன ஆச்சு என்று போன் வந்தது. பெரிய அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். நான் போட்ட கோடுகளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"அண்ணன் மாட்டிய கம்பியில் பிழை இல்லை." அந்த வரியை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

குழுவை மறுபடி கூட்டச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர் ஒருவர் கையெழுத்திட்டு விளக்கம் தர வேண்டும் என்கிறார்கள். என்ன நடந்தது, எப்போது, யாரால் என்று மூன்றும் இருக்க வேண்டுமாம். நீங்கள் எழுதுவீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் "நீக்கப்பட்டிருந்தன" என்று இருக்கிறது. வட்டோடு வந்த மற்ற குறிப்புகளையும் மெக்கானிக் பார்த்துவிட்டார். நீங்கள் எழுதும்போது எழுதுங்கள். நான் காத்திருக்கிறேன்.

அண்ணி


ஆகஸ்ட் 21

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியாமல் தொடங்குகிறேன்.

அந்த ஆறு வரிகளை நீக்கியது நான்.

நான்கு வருடத்துக்கு முன்பு. பழைய பகுதிகளைச் சுத்தம் செய்யும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். ஏறத்தாழ முந்நூறு இடங்களில் கை வைத்தேன். இது அதில் ஒன்று. புதிய இயந்திரங்களில் அந்தச் சுற்றுக்கு வேலையே இல்லை, நேரம்தான் வீண் என்று நினைத்தேன். எங்களில் வயதான ஒருவர், "இதை நம்பி எங்காவது ஒரு பழைய கார்டு இருக்கலாம், விட்டுவிடு" என்று எழுதினார். இருபது வருடப் பழைய கார்டை இன்னும் கட்டிக்கொண்டு அழுபவர்கள் நம் பிரச்சினை இல்லை என்று பதில் போட்டேன். அந்தப் பதிலுக்குப் பலர் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கடிதப் போக்குவரத்து இன்னும் அப்படியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மார்ச்சில் உங்கள் தாளை வைத்துத் தேடியபோது நானும் படித்தேன்.

ஆமாம் அண்ணி, மார்ச்சிலேயே தெரியும். பிப்ரவரியில் "எழுதினவன் கழுத்தைப் பிடிக்கலாம்" என்று எழுதியவனும் நான்தான். அப்போது நிஜமாகவே எனக்கு நினைவில்லை. நினைவில்லாத அளவுக்குத்தான் அது எனக்குச் சின்ன விஷயம்.

திருத்த ஒரு மணி நேரம் போதும். அனுப்ப இரண்டு மாதம் எடுத்தேன். அனுப்பினால் கேள்வி வரும் என்ற பயம். முகமூடி போடச் சொல்லி ஒரு வரி எழுதிவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அந்த இரண்டு மாதமும் தினம் நான்கு பேர் உள்ளே போய் வந்தார்கள் என்று மே மாதம் நீங்கள் எழுதினீர்கள். அதைப் படித்த பிறகும், யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு எழுதினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. காரியங்கள் முடிந்த மறுநாள், அறிக்கையைப் படித்துவிட்டு அப்பாவிடம் நான் சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். "அவன் சின்ன வயசிலேர்ந்தே அவசரக்காரன்பா." அப்பா அதை நம்பினார், நான் படித்தவன் என்பதால்.

மன்னியுங்கள் என்று எழுதுகிறேன். அதை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

தம்பி


செப்டம்பர் 4

தம்பிக்கு,

வாலுவுக்குக் காய்ச்சல் வந்து தேறிவிட்டாள். மாமா அப்படியே இருக்கிறார்.

எனக்கு ஜூனிலேயே தெரியும். வட்டில் திருத்தங்களின் வரலாறும் இருந்தது. ஒவ்வொரு வரியையும் எடுத்தது யார், எந்தத் தேதி என்று அதில் இருக்குமாம். மெக்கானிக் திரையில் படித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். "ஏன், படிங்க" என்றேன். அவர் எழுந்து வெளியே போனார். நானே பார்த்துக்கொண்டேன்.

அன்று நீங்கள் எதிரில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. பன்னிரண்டு வாரம் உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவேன். மேயில் அந்த அறைக்கு வெளியே நின்று பத்து வரை எண்ணினேனே, அப்போது நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். வரிகளை எடுத்ததைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை. அது தெரியாமல் செய்தது. இது தெரிந்து.

நானாகக் கேட்டு நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால், வாழ்நாள் முழுக்க உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருப்பேன். அதனால்தான் காத்திருந்தேன்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அன்று காலை, "இன்னிக்காவது மத்தியானத்துக்குள்ள வந்துடுங்க, வாலு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க" என்று அவரை அவசரப்படுத்தியது நான். பத்தே முக்காலுக்கு அது நடந்தது. சீக்கிரம் கிளம்பத்தான் கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாரோ என்று இரண்டு வருடமாகத் தினமும் நினைத்தேன். நானும் அந்த அறிக்கையை நம்பியவள்தான் தம்பி. நோட்டு கிடைக்காமல் போயிருந்தால் சாகும்வரை நம்பியிருப்பேன்.

மன்னிப்பு கேட்டிருக்கிறீர்கள். இன்று என்னிடம் பதில் இல்லை. பொய்யாக ஒன்றை எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

குழுவுக்கு எழுதுங்கள். எனக்கு எழுதியதை அப்படியே எழுதுங்கள்.

அண்ணி


அக்டோபர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். வாலு தேறியது தெரிந்து நிம்மதி.

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். நேற்று குழு திரை வழியாக என்னை விசாரித்தது. தலைவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "நீக்கியவர் யார்?"

"நான்."

"இறந்த மெக்கானிக் உங்களுக்கு என்ன உறவு?"

"கூடப் பிறந்த அண்ணன்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். குடும்பப் பெயரைக் காப்பாற்றப் பழியை ஏற்கிறீர்களா என்று கேட்டார். தேதியோடு இருக்கும் பதிவைக் காட்டினேன். அந்த வயதானவருக்கு நான் போட்ட பதிலையும் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஆறு வரிகளும் இப்போது எல்லோருடைய கெர்னலிலும் திரும்பச் சேர்ந்துவிட்டன. ஏன் நீக்கக் கூடாது என்பதற்கு நடந்ததைக் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன். அந்த வயதானவருக்கும் எழுதினேன். தம் பங்குக்கு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் பதில் போட்டார். அந்தப் பதில் என்னை இன்னும் வாட்டுகிறது. பழைய பகுதிகளின் பொறுப்பிலிருந்து நானாகவே விலகினேன். வேண்டாம், இனிமேல்தான் நீ பார்க்க வேண்டும் என்று அவரே திரும்பக் கொடுத்துவிட்டார்.

அப்பாவிடம் நானே சொல்ல வேண்டும் என்று தெரியும். மூன்று தடவை போனை எடுத்தேன்.

தம்பி


நவம்பர் 23

அன்புள்ள தம்பிக்கு,

நானும் வாலுவும் நலம்.

புதன்கிழமை உத்தரவு வந்தது. "மெக்கானிக்கின் கவனக்குறைவு" என்ற வார்த்தைகளை நீக்கிவிட்டார்கள். கோளாறை ஆறு நாள் முன்பே கண்டுபிடித்து மேலிடத்தில் தெரிவித்தவர் என்று சேர்த்திருக்கிறார்கள். முதலில் வாலுவிடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தாள். நாளை பள்ளிக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். நகல் எடுத்துக் கொடுத்தேன்.

மாமாவுக்கு நான் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "இவ்வளவு விவரமா எழுதிக் கொடுத்தது யாரு?"

"சின்னவர்தான் மாமா."

"அதுல ஒருத்தன் எதையோ எடுத்தான்னு வருதே. அது யாரு?"

நீங்கள் சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் இன்னொரு நாள் ஒரு விஷயத்தை மூடி வைக்க எனக்குத் தெம்பில்லை. "அதுவும் அவர்தான்" என்றேன்.

மாமா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வந்தார். இன்று காலை என்னிடம் தாள் கேட்டார். அவர் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை.

என் பதில் இன்னும் முழுதாக வரவில்லை தம்பி. வந்துகொண்டிருக்கிறது. அது வரைக்கும் வராமல் இருக்காதீர்கள்.

அண்ணி


சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. கால் பரவாயில்லை.

நீ செய்தது தப்பு. மறைத்தது அதைவிடப் பெரிய தப்பு. போய் ஒப்புக்கொண்டது சரி. மூன்றையும் பார்த்துவிட்டேன். ஒன்றுக்கு ஒன்று கழித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

என் தப்பும் இருக்கிறது. நீ ஒரு வார்த்தை சொன்னாய், நான் பெற்ற பிள்ளையைப் பற்றி நம்பிவிட்டேன். அவனோடு முப்பத்தெட்டு வருடம் இருந்தவன் நான். வேலையில் அவன் எப்படி என்று எனக்குத் தெரியாதா? அவனை எடுத்துக்கொண்டு போனபோது கோபத்தில் நான் அழவில்லை. இப்போது கோபம் இல்லை. அழலாம் என்று உட்கார்ந்தேன். தனியாக அழுகை வரவில்லை.

கிளம்பி வா.

அப்பா